ஐந்தடி இரண்டங்குலத்தில் ஒரு கனடா வண்டி

அவருடைய உயரம் ஐந்தடி இரண்டங்குலம். ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு முதல் வரியிலேயே உயரத்தைச் சொல்வது மரியாதை இல்லைதான். ஆனால் அவரே அதை யாரிடமும் மறைத்தவர் இல்லை. புதிதாக யாராவது அறிமுகமானால் பெயர் சொல்வதற்கு முன்னால் அந்த ஆளைத் தன் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார். ஊரில் மற்றவர்களுக்கு அடி, முழம், கெஜம் என்று அளவுகள் இருந்தன. அவருக்கு அளவு அவர்தான்.

அறுபதுகளில் நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். அவர் அந்தப் பாதையில் ஓடிய சரக்கு ரயில்களில் கார்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அவர் வீட்டு ரேடியோவும் சண்டையும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். மீன் வறுத்தால் மட்டும் கதவைத் தட்டித் தகவல் சொல்லிவிடுவார்கள், தட்டோடு.

அவர் பழவேற்காட்டுக்காரர். அப்பா ஏரியில் வலை போட்டவர். அங்கே வலைக் கயிற்றை அளக்க டேப் எடுப்பதில்லை. இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். இத்தனை பாகம் கயிறு, இத்தனை பாகம் ஆழம் என்று கணக்கு. அவரவர் வலை அவரவர் கைக்கு. "எங்க நைனா டேப்பு புடிச்சா வலை பின்னாரு? மீனு மாட்டலியா?" என்று கேட்பார். இந்தப் பழக்கத்தை ஏரியோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அதை அப்படியே ரயில்வேக்குள் கொண்டுவந்துவிட்டார்.

வண்டி நின்றதும் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி, இன்ஜின் வரைக்கும் காலடியை எண்ணிக்கொண்டே நடப்பார். ஒருமுறை நடந்து போய்த் திரும்பி வந்து, "ஒரு வேகனு கொறயுதுபா" என்றார். காகிதத்தில் எல்லா வேகனும் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் காகிதத்தை நம்பினார். இவர் காலை நம்பினார். பொன்னேரிக்கு போன் போட்டுக் கேட்டால், அங்கே ஓரத்துத் தண்டவாளத்தில் ஒரு சிமெண்ட் வேகன் அனாதையாக நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் காலடியை யாரும் கேள்வி கேட்டதில்லை. அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

எனக்குக் கல்யாணம் முடிந்து குவார்ட்டர்ஸ் வாசலில் விருந்து வைத்தேன். பந்தல் பொறுப்பு அவருடையது. மூங்கில் நடுகிறவர்களைத் தன் தலைக்கு மேல் ஒரு சாண் விட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறார். என் மாமனார் வீட்டில் எல்லோரும் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள். ஒருவர் விடாமல் குனிந்துகொண்டே உள்ளே வந்தார்கள். "பொண்ணு வூட்டுக்காரங்க ரொம்பப் பணிவானவங்கப்பா" என்று எங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெயரை என் மாமனார் கடைசி வரைக்கும் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

அவர் மனைவி அவரைவிட நான்கு விரல் உயரம். அதை மட்டும் அவர் ஒருநாளும் அளந்ததில்லை.

இப்போது அவருடைய முதுகைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு வருகிற பெட்டிக்கு பிரேக் வேன் என்று பெயர். அன்றைக்கு இந்தப் பக்கம் ஓடியவற்றில் உட்காருவதற்கு ஒரு பலகை இருக்கும். சாய்வதற்கு ஒன்றும் இருக்காது. நான்கு சக்கரத்தில் அது குதித்துக்கொண்டு போகும். பன்னிரண்டு மணி நேரம், பதினாலு மணி நேரம் அதில் உட்கார்ந்து வந்து வந்து அவர் இடுப்புக்கு மேலே ஏதோ ஒன்று பிசகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். மனைவி முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே அவரைத் திட்டுவார். ரயில்வே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதுகு இன்னும் கெட்டால் வண்டியிலிருந்து இறக்கி மேஜை வேலைக்கு எழுதிவிடுவாராம்.

"வண்டிய வுட்டு எறக்கிட்டா நான் இன்னாபா? பார்சலா?" என்று என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். 

அந்த நேரத்தில்தான் கனடா வந்து சேர்ந்தது. லோகோ ஷெட்டில் ஒரு ஃபிட்டர் கிரீஸ் டப்பா வைக்கும் அலமாரியில் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை விரித்துப் போட்டிருந்தார். அதில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கிவைத்துப் பத்திரிகையை உருவிக்கொண்டு வந்துவிட்டார் இவர். சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி. கூரையில் நாலு பக்கமும் ஜன்னல் வைத்த ஒரு குட்டி அறை. பக்கத்தில் ஒரு புகைக்குழாய். படிக்கட்டில் ஓர் ஆள் நின்று சிரிக்கிறார். கனடாவில் கார்டு வருகிற பெட்டி, கபூஸ் என்று பெயர், ஒரு தலைமுறைக்கு மேல் ஓடி ஓய்ந்து இப்போது ஒரு சின்ன ஊரில் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது.

அவர் எனக்கு வாசித்துக் காட்டியது சொர்க்கத்தைப் பற்றிய தகவல் போலவே இருந்தது. "உள்ள அடுப்பு கீதாம்பா. கட்டிலு கீதாம். மேல மாடி கீதாம். மாடில சாய்மானம் போட்ட சீட்டு, மெத்தை வெச்சது. அதுல சாஞ்சி குந்திக்கினு வண்டி பூராத்தையும் பாத்துக்கினே போவானாம். நம்ம இன்னா பாவம் பண்ணம்?"

முதலில் மனு எழுதினார். சாய்மானம் வைத்த ஒரு சீட்டு, வேறு ஒன்றும் கேட்கவில்லை. பதில் வரவில்லை. மூன்றாவது மனுவுக்கும் பதில் வராதபோது முடிவு செய்துவிட்டார். "எயுதுனா படிக்க மாட்டானுங்க. கண்ணால பாத்தா கேப்பானுங்க." அந்தக் கனடா பெட்டியை அப்படியே சின்னதாகச் செய்து, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற பெரிய அதிகாரியின் கண் முன்னால் வைத்துவிடுவது. அளவு கேட்டு அந்தக் கனடா ஊர் ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு கடிதமும் போட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படத்திலேயே அளவு இருக்கிறதே என்றார்.

"எங்கே சார் இருக்கு?"

படிக்கட்டில் நின்றவரைத் தொட்டுக் காட்டினார். "இவன் கீறானே. அவனும் கார்டு, நானும் கார்டு. என் ஒசரம் எனக்குத் தெரியாதா?"

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு நாங்கள் யாருமே சிரிக்கவில்லை. சிமெண்ட் வேகனைக் கண்டுபிடித்த மனிதர் சொல்கிறார், நமக்கென்ன தெரியும் என்று நானும் தலையாட்டினேன்.

படத்து ஆளின் உயரத்தை ஐந்தடி இரண்டங்குலம் என்று வைத்துக்கொண்டு கதவு, ஜன்னல், சக்கரம், மாடி என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டார். நிஜப் பெட்டியின் ஓர் அடிக்குச் சின்னப் பெட்டியில் ஓர் அங்குலம். தேயிலைப் பெட்டிப் பலகையில் சுவர். குடைக்கம்பியில் கைப்பிடி. பேனா மூடியில் புகைக்குழாய். அப்போதுதான் கும்மிடிப்பூண்டியில் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த பட்டறைகளில் ஒன்றில் லேத்து ஓட்டியவர், வேலை முடிந்த பிறகு பித்தளையில் எட்டுச் சக்கரம் கடைந்து கொடுத்தார். சிக்னல் கம்பத்தின் கைக்கு அடிக்கிற சிவப்பு பெயிண்ட் கொஞ்சம் எங்கிருந்தோ வந்தது. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

படத்தில் தெரியாத உள்பாகம் எல்லாம் அவர் சொந்த அளவு. தரையில் படுத்துப் பார்த்துக் கட்டிலுக்கு அளவெடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்து சீட்டுக்கு அளவெடுத்தார். தைல டப்பாவை வெட்டி அடுப்பு செய்தார். மாடியில் வைத்த சீட்டுக்கு மட்டும் மூன்று மாதம் ஆயிற்று. சாய்மானம் எத்தனை சாய வேண்டும் என்று, சுவரில் முதுகை வைத்து நகர்ந்து நகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வலிக்காத இடம் கிடைத்ததும் மனைவியைக் கூப்பிட்டு சுவரில் கோடு போடச் சொன்னார். மெத்தைக்கு அந்த அம்மாவின் கல்யாண வெல்வெட் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு போயிற்று. "என் ஜாக்கெட்டு கனடாவுக்குப் போய்க்கினு கீது, நான் பக்கத்துல கீற ஆரம்பாக்கம் கூட பாத்தது இல்ல" என்று என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கடைசியாக வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மரக் கார்டைச் செதுக்கி அந்தச் சீட்டில் சாய்த்து உட்காரவைத்தார். அன்றைக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் மொத்தமும் வரிசையில் நின்று பார்த்தது. கதவு திறந்தது. பிரேக் சக்கரம் சுற்றியது. அடுப்பின் மூடியைக் கூடத் தூக்கலாம். நான் வாழ்க்கையில் பார்த்த அழகான பொருள்களில் அது ஒன்று. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கனடாவிலிருந்து பதில் வந்தது.

எழுதியவர் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. படிக்கட்டில் நின்று சிரித்தாரே, அவரே. ஓய்வு பெற்ற கார்டு. இந்தியாவிலிருந்து ஒரு கார்டு தன் வண்டியைப் பற்றிக் கேட்டதில் அத்தனை சந்தோஷம் அவருக்கு. எல்லா அளவும் வரிசையாக எழுதியிருந்தார். பெட்டியின் நீளம் முப்பது அடி. கடைசியில் ஒரு வரி. படத்தில் இருப்பது நான்தான், பூட்ஸைக் கழற்றினால் ஆறடி நாலங்குலம், அந்தப் பெட்டியில் நான் தலையை இடித்துக்கொள்ளாத இடமே கிடையாது.

இவர் கடிதத்தை மடித்து பாக்கெட்டில் வைத்தார். திரும்ப எடுத்தார்.

"முப்பது அடியாம்பா."

"உங்களது?"

"என் கணக்குல இருவத்தி நாலர."

அவர் மனைவி எட்டிப் பார்த்து, "ஆறடி நாலங்குலமா! யம்மா! அப்போ அவன் பொண்டாட்டி எவ்ளோ ஒசரமா இருப்பாளோ!" என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு யோசனை சொன்னேன். "இதுல என்ன சார் இருக்கு? அடிக்கு ஓர் அங்குலம்னு சொல்லாம, அடிக்கு முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலன்னு மாத்திச் சொல்லிட்டாப் போச்சு. வெளியே எல்லாம் சரியாத்தானே வரும்?"

"வெளிய வரும். உள்ள கீற கட்டிலு? சீட்டு? அதெல்லாம் என் ஒடம்புபா."

 ஒரு வாரம் மீன் தட்டு கூட வரவில்லை. ஒரே ஒருமுறை தண்ணீர்க் குழாயடியில் என்னை நிறுத்தி, "அப்போ நான் இத்தினி வருசம் அளந்தது எல்லாமே தப்பா?" என்று கேட்டார். பெட்டி தப்பானதில் அவருக்கு இருந்த வருத்தம் பெரிதில்லை. தன் உடம்பே தப்பான அளவுகோல் என்று யாரோ கடல் கடந்து எழுதிவிட்டது போல ஆகிவிட்டது அவருக்கு. எனக்கு மனசு கேட்கவில்லை. சிமெண்ட் வேகனை ஞாபகப்படுத்தினேன். "அது என் காலு, என் வண்டி. இது இன்னொருத்தன் வண்டி" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று ஸ்டேஷன் முழுக்க சுண்ணாம்பு. ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, நடுவில் சிவப்புப் பெட்டி. மாஸ்டர் இவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்தார், அளவு விஷயத்தை வாயே திறக்கக் கூடாது என்று. அதிகாரி உயரமான, கண்ணாடி போட்ட மனிதர். ஸ்டேஷனில் வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. மேஜைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கபூஸின் ஜன்னலில் கண்ணை வைத்துவிட்டார்.

"அற்புதம். அளவெல்லாம் அப்படியே அசல்தானா?"

"அப்படியே அசல் சார்" என்றார் மாஸ்டர்.

"இல்ல சார். தப்பு" என்றார் இவர்.

மாஸ்டர் முகம் அடித்திருந்த சுண்ணாம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. இவர் ஒரே மூச்சில் பாகம், படம், படிக்கட்டு, ஆறடி நாலங்குலம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். அதிகாரி சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. "அப்போ இது கனடா வண்டியே இல்லை. உங்க வண்டி!"

"ஆமா சார். நம்ம பிரேக் வேன்ல குந்திக்கினு வர்றது நாங்கதான சார்? கனடாக்காரன் வரப் போறது இல்லியே."

அதிகாரி சிரிப்பை நிறுத்தினார். மாடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மரக் கார்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு, "இவரை அளங்க" என்றார். என் ஆபீஸ் ஸ்டூலில் இவரை உட்காரவைத்து, குதிகாலிலிருந்து முட்டி, இடுப்பிலிருந்து தோள் என்று டேப் பிடித்தார்கள். போட்டோவுக்கு உட்காருகிறவர் மாதிரி இவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நோட்டில் எல்லாம் ஏறியது. கபூஸையும் அதிகாரி எடுத்துப்போக ஆசைப்பட்டார். "எடுத்துக்கினு போங்க சார். அளவு தப்புன்னு ஒரு காயிதம் மட்டும் ஒட்டிடுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. கபூஸ் ஏதோ ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்று ஒரு டிரைவர் சொன்னார். அந்தக் காகிதத்தை ஒட்டியிருக்கிறார்களா என்பதுதான் இவர் கேட்ட ஒரே கேள்வி.

மழைக்காலம் தொடங்கியபோது ஆரம்பாக்கத்தில் அவரால் பிரேக் வேனிலிருந்து இறங்க முடியவில்லை. நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். டாக்டர் சொன்னபடியே எழுதிவிட்டார். எங்கள் ஸ்டேஷனிலேயே பார்சல் ஆபீஸில் ஒரு மேஜையும் நாற்காலியும் கொடுத்தார்கள். நாற்காலியில் சாய்மானம் இருந்தது. அவர் அதில் சாயவே இல்லை. வண்டி போகிற சத்தம் கேட்டால் எழுத்து நின்றுவிடும். கடைசிப் பெட்டி தாண்டிய பிறகுதான் பேனா நகரும்.

எழுபதுகளில் ஒருநாள் மத்தியானம் ஒரு சரக்கு ரயில் வந்து நின்றது. அதன் கார்டு சூளூர்பேட்டைக்காரர், வாட்டசாட்டமான ஆள். முட்டியைத் தேய்த்துக்கொண்டே இறங்கி பிளாட்பாரத்தில் நின்று கத்தினார். "ஏம் நைனா, புதுசா சீட்டு போட்டிருக்கானுங்க, எந்தக் குள்ளன் அளவு குடுத்தான்? முட்டி வந்து தாவாங்கட்டைய இடிக்குது! இந்த ஒரு வேனுக்குத்தான் போட்டுப் பாத்தானுங்களாம், அதுல நான்தான் மாட்டணுமா?"

பார்சல் ஆபீஸிலிருந்து இவர் வெளியே வந்தார். அந்த ஆளைத் தாண்டி நேராக நடந்து பிரேக் வேனில் ஏறினார். மெதுவாகத்தான் ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே பழைய பலகை இருந்த இடத்தில் தேங்காய் நார் மெத்தை வைத்த ஒரு சீட்டு. பின்னால் சாய்மானம். இவர் உட்கார்ந்தார். இரண்டு குதிகாலும் தரையில் முழுசாகப் பதிந்தன. மெல்லச் சாய்ந்தார். எங்கும் இடைவெளி இல்லாமல் முதுகு பலகையில் போய்ப் படிந்தது.

"எப்படி சார் இருக்கு?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி கிளம்ப லைன் கிளியர் வந்துவிட்டது. டூட்டியில் இல்லாதவர் பிரேக் வேனில் போகக் கூடாது. அந்த விதியை இவர் எத்தனை பேரிடம் சொல்லி இறக்கிவிட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். "எறங்குங்க நைனா, வண்டி போகணும்" என்றார் சூளூர்பேட்டைக்காரர். இவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். இவருடைய காலைப் பார்த்தார், சீட்டின் உயரத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. நான் இறங்கியதும் வாசலில் நின்று பச்சைக் கொடியை ஆட்டினார். டூட்டியில் இருந்தவர் நின்றுகொண்டும், டூட்டியில் இல்லாதவர் சாய்ந்துகொண்டும் வண்டி புறப்பட்டது.

அடுத்த ஸ்டேஷனான எளாவூரில் மெயில் ரயிலுக்கு வழி விடுவதற்காக அந்த வண்டியை ஓரங்கட்டினார்கள். அங்கே இறங்கி, அடுத்த பாசஞ்சரில் டிக்கெட் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். வந்தவர் நேராக என் கவுண்டருக்கு வந்தார்.

"எளாவூருக்கு ஒரு டிக்கெட்டு குடு."

"இப்பத்தானே சார் அங்கேயிருந்து வர்றீங்க?"

"போனேன் இல்ல? அதுக்கு."

"சரக்கு வண்டிக்கு ஏது சார் டிக்கெட்டு?"

"அத்த நீ பாத்துக்க. நான் போனது போனதுதான."

காசை வாங்கிக்கொண்டு தேதி குத்திக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். பயணம் முடிந்த டிக்கெட்டைக் கிழிப்பது போல, தானே அதை நடுவில் சரிபாதியாகக் கிழித்து இரண்டு துண்டையும் என் பக்கம் தள்ளினார்.

"முதுகு எப்படி சார் இருக்கு?" என்று கேட்டேன்.

"எளாவூரு வரிக்கும் வலிக்கலபா" என்றார்.

நான் கவுண்டர் கதவைச் சாத்திவிட்டேன். வெளியே இரண்டு மூன்று பேர் டிக்கெட்டுக்கு நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டட்டும் என்று கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.